பெற்றுக்கொள்ள வரவில்லை

மூன்றாம் நாள் மதியம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
மின்விசிறிக்குப் பயந்து தாளை
இரு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தபோது
அணஞ்சபெருமாள் அகப்பட்டான்.
'அன்னஜ பெர்மால்.'
எவனோ ஒரு துரையின் காதில் விழுந்தபடி.

வயது இருபத்திரண்டு. உயரம் ஐந்தடி நாலங்குலம்.
திருவிதாங்கூர் ராஜ்ஜியம், தோவாளை தாலுகா, தாழாக்குடி.
முன்பு செய்த தொழில்: உழவு.
அடையாளம்: இடது கணைக்காலில் கலப்பை கிழித்த வடு.

கலப்பை என்றுதான் எழுதியிருக்கிறது.
கிழித்தது கொழு.
சேற்றுழவில் மாடு மிரண்டால் அங்கேதான் விழும்.
என் மாமாவுக்கும் அதே இடத்தில் இருந்தது;
வேட்டியை மடித்துக் கட்டினால் பளபளக்கும்.

வீட்டுக் கதையில் இவன் வேறு ஆள்.
ரங்கூன் கோட்டைச் சுவரில்
முதல் ஏணி இவன் சாத்தியது.
கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து
வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில்
அந்தச் சுவர் வருடத்துக்கு ஓரடி உயரும்.

பதிவேட்டில் சுவரே இல்லை.
முப்பத்தொன்பது நாள் வயிற்றுக்கடுப்பு, ஆஸ்பத்திரி.
தொலைத்த செருப்புக்கு எட்டணா பிடித்தம்.
பிறகு, பெகுவுக்குத் தெற்கே ஏதோ ஒரு முகாமில்,
மழைக்காலம்:
உத்தரவின்றி வெளியேறினான்.
தேடிப்போனவர்கள் கண்டுபிடித்தது
ஒரு பர்மாக்காரன் வயலில், முட்டளவு தண்ணீரில்,
பெண்களோடு வரிசையில் நின்று
நாற்று நட்டுக்கொண்டிருந்தவனை.
பன்னிரண்டு நாள் சம்பளம் வெட்டு.
காரணம் கேட்டார்களாம்.
'பதில் திருப்தியாக இல்லை.'

எங்கள் ஊரில் நடவு பெண்கள் வேலை.
ஆண்பிள்ளை இறங்கினால்
வரப்பில் நிற்கிற கொக்கும் சிரிக்கும்.
என்ன சொன்னான், எந்த மொழியில் சொன்னான்?
அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.
நேரமாச்சு, கட்டுகளைத் திருப்பிக் கொடுங்கோ என்று
அலுவலர் வந்து சொல்லும்வரை.

ஊரில் செல்லரிக்காமல் மிஞ்சிய ஓலைகளில்
நிலமெல்லாம் காரணவர் பேரில். மருமக்கள் வழி.
பன்னிரண்டு கோட்டை விதைப்பாடு;
இவன் பாத்தியதை உழுவது மட்டும்.
கொல்லம் ஆயிரத்து இருபத்து மூன்றில்
கும்பப்பூ முழுக்கச் சாவி.
அந்த ஆடியில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்று முதுகைத் தள்ளத் தள்ள
பாளையங்கோட்டைக்கு நடந்திருக்கிறான்,
மாதம் ஏழு ரூபாய்க்கு.

பதினாறு வருடம் கழித்து, எதிர்காற்றில் திரும்பியவனுக்கு
ஊர் எழுதிய முதல் ஓலை:
கப்பலேறிய தோஷத்துக்குப் பரிகாரம், பணம் பதினொன்று.
அடுத்தது கிரையம்.
பழையாற்றங்கரையில் அரைக் கோட்டை விதைப்பாடு, சுயார்ஜிதம்.
கீழே கையெழுத்து இல்லை, ஒரு கீறல்;
நாற்றுமுடி மாதிரி என்று நினைக்க ஆசை,
வெறும் கீறலாகவும் இருக்கலாம்.

அவனுக்குப் பின் கால் பங்கு
உகந்துடைமையாகப் பெண்மக்கள் இருவருக்கு.
மிச்சம் தங்கை ஈஸ்வரவடிவின் மகன் பூதலிங்கத்துக்கு.
நான் பூதலிங்கத்தின் வழி.
ஆக, பட்டாளத்துப் பாட்டா என்று நாங்கள் பெருமையடித்தவர்
எனக்குப் பாட்டா இல்லை, பாட்டாவின் மாமன்.
அந்தப் பெண்கள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்று
ஓர் ஓலையிலும் இல்லை.
வயலில் விளைந்ததைத் தின்றது நாங்கள்.

இப்போது அதன்மேல் நாலுவழிச் சாலை வருகிறது.
சொல்லிவிடுகிறேன்:
நஷ்டஈட்டுக்கு மூலப்பத்திரம் வேண்டுமென்றுதான்
முதலில் நான் கிளம்பியது.
அந்தக் கோப்பு தயாராகி, பணமும் வந்துவிட்டது.
அதற்குப் பிறகும் ஏன் எழும்பூர் போனேன் என்று
மனைவி கேட்டாள்.
பதில் திருப்தியாக இல்லை.

கடைசியாகக் கிடைத்தது பென்ஷன் பேரேடு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பாளையங்கோட்டையில்,
நேரில் வந்தால் பன்னிரண்டு ரூபாய்.
பதினெட்டு வருடம் ஒரு தவணை விடாமல் வந்திருக்கிறான்.
அப்புறம் ஒரு செப்டம்பரில்,
'பெற்றுக்கொள்ள வரவில்லை.'
கன்னிப்பூ அறுப்பு சமயம். எப்படிப் போவான்?
டிசம்பரிலும் வரவில்லை.
களையெடுப்பு, ஆள் கிடைத்திருக்காது.
மார்ச்சிலும்.
கும்பப்பூ அறுப்பு என்று சொல்லிப் பார்த்தேன்.
பெயரின் குறுக்கே போட்டிருந்த சிவப்பு மைக்கோடு
கொஞ்சம் கோணலாக,
முதல் சால் ஓட்டியது போல இருந்தது.